கலாமணியின் ஏழாவது லெவல்

3 மார்ச் 2025, திங்கள்

இன்றோடு வேலை முடிந்தது. ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், கேஸ், வங்கி, வீட்டு வரி, மின் இணைப்பு என்று எல்லாவற்றிலும் கலாமணியின் பெயரை நீக்கியோ என் பெயருக்கு மாற்றியோ ஆயிற்று. அவள் போய் நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அப்பன் இறந்து பதினைந்து வருடம் கழித்துப் பழைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தலையைச் சொறிவார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் வீட்டில் அப்படி இருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது, அவளுடைய வீடியோ கேம் கணக்கு. அவள் எங்கள் ஊர் கோபி அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர், ஐம்பத்து நான்கு வயது. பகலெல்லாம் மாத்திரை கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து பிப்போ என்ற ஆமையைத் தாவ வைத்துக்கொண்டிருப்பாள். ஆமை எங்கேயாவது தாவுமா என்று கேட்டால், "உங்க ஆபீஸ்ல ஃபைலு நகருதில்லீங்களா, அது மாதிரித்தான்" என்பாள். முன்பெல்லாம் டப்பா டப்பாவாகக் கேம் கார்டு வாங்கி அடுக்கியிருந்தாள். கடந்த இரண்டு வருடமாக எல்லாம் டவுன்லோடுதான். வீட்டில் அடைசல் இல்லை.

அந்தக் கம்பெனிக்கு இன்று மெயில் அனுப்பினேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், என் ஆதார், எல்லாவற்றுக்கும் நோட்டரி கையெழுத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பு. அறுபத்தொரு கேம்களையும் கணவனான என் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறேன். நான் விளையாடப் போவதில்லை. ஆனால் சொத்து என்றால் ஒரு பெயரில் இருக்க வேண்டும்.

5 மார்ச், புதன்

இரண்டே நாளில் பதில். "கோரிக்கை பெறப்பட்டது. முப்பது நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்கப்படும்." எங்கள் அலுவலகத்தில் மனுவுக்கு ரசீது வாங்கவே இரண்டு நாள் ஆகும் என்று கணேசமூர்த்தியிடம் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை, அவன்தான் ரசீது கொடுக்கிற சீட்.

தண்ணீர் மோட்டார் காயில் புகைந்துவிட்டது. ஆள் நாளைக்கு வருகிறானாம்.

8 மார்ச், சனி

கிருத்திகா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அம்மா போனதிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு முடியும். இன்று அப்படி முடியவில்லை.

"அப்பா, அம்மாவோட கேம் அக்கவுன்ட்டை ஒண்ணும் பண்ணலையில்லீங்களா?"

"பேர் மாத்தச் சொல்லி எழுதிட்டேன் கண்ணு. பதிலும் வந்துருச்சு."

அவள் குரல் மாறியது.

"இறந்துட்டாங்கன்னு எழுதுனீங்களா?"

"பின்னே எப்படி எழுதறது? சான்றிதழே வெச்சிருக்கேன்."

"அது பேர் மாத்தற எடமில்லீங்கப்பா. அம்மா வாங்குனது கேமே இல்ல, வெளையாடறதுக்கு அனுமதி. ஆளு போனா அனுமதியும் போச்சு. கணக்கையே மூடிருவாங்க. நீங்க பேசாம இருந்திருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும். நீங்களாப் போய்ச் சொல்லிட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. பணம் கொடுத்து வாங்கிய பொருள் எப்படிப் போகும் என்று சத்தம் போட்டேன். அவள் சத்தம் போடவில்லை.

"ரேஷன் கார்டுல பதினாறாம் நாளே அம்மா பேரை எடுத்தீங்க. இதையாவது விட்டிருக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

9 மார்ச், ஞாயிறு

கம்பெனி ஒப்பந்தம் நாற்பத்தாறு பக்கம். காலையில் உட்கார்ந்து, மதியம் தயிர்ச்சோற்றோடு முடித்தேன். மகள் சொன்னது அப்படியே இருக்கிறது. பொத்தானில் "வாங்கு" என்று போட்டிருக்கிறான், பதினெட்டாம் ஷரத்தில் இது விற்பனை அல்ல என்கிறான். உரிமை மாற்றத்தக்கதல்ல, வாரிசுக்குச் சேராது, உரிமையாளர் இறந்த தகவல் கிடைத்தால் கணக்கு முடிக்கப்படும். லாட்ஜில் ரூம் போட்டவனுக்காவது காலி செய்ய இத்தனை மணி என்று எழுதித் தொங்கவிடுவார்கள்.

முப்பத்தொரு வருடம் பிறத்தியார் பத்திரத்தில் ஒரு கமா விடாமல் படித்தவன், மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படிக்கவில்லை. மனுவைத் திரும்பப் பெறுவதாக உடனே மெயில் அனுப்பினேன்.

11 மார்ச், செவ்வாய்

திரும்பப் பெற முடியாதாம். தகவல் தகவல்தான், இனி தெரியாதது போல் இருக்க இயலாது என்று மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். முப்பது நாட்களுக்குள் கணக்கு மூடப்படும். அதாவது ஏப்ரல் நான்கு.

கீழே இன்னொரு வரி. அதைப் புரிந்துகொள்ள கிருத்திகாவைக் கூப்பிட்டேன். வேண்டா வெறுப்பாகத்தான் சொன்னாள். பிப்போ கேமில் ஆடுகிறவர்களே சொந்தமாக லெவல் கட்டலாம். முள் எங்கே, பள்ளம் எங்கே, கொடி எங்கே என்று வைத்து உலகத்துக்கு வெளியிடலாம். கலாமணி ஆறு வெளியிட்டிருக்கிறாள். பதினோராயிரம் பேர் ஆடியிருக்கிறார்கள். எனக்கு இது தெரியாது. ஏழாவது பாதி வேலையாக, வரைவாக அவள் கணக்குக்குள் கிடக்கிறது.

வெளியிட்ட ஆறும் அழியாது, அவள் பெயர் மட்டும் நீங்கும். வெளியிட்ட நொடியில் அது கம்பெனி சொத்தாகிவிடுகிறது, அதனால் பத்திரமாக இருக்கும். வரைவு அவளுடையது, அதனால் அழிந்துவிடும். அவள் காசு கொடுத்ததெல்லாம் போகிறது, சும்மா கொடுத்தது நிற்கிறது. இப்படி ஒரு சட்டத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

ஏழாவதை வெளியிட ஒரே வழிதான். கட்டியவரே தொடக்கத்திலிருந்து கொடி வரை சாகாமல் ஒரு முறை ஆடிக் காட்ட வேண்டும். கலாமணி நானூற்றுப் பன்னிரண்டு தடவை முயன்றிருக்கிறாள் என்று மூலையில் எண் நிற்கிறது.

நான் ஆடப் போகிறேன். அவள் கணக்கில் ஆடுவது சரியா என்று யோசித்தேன். வாரிசு என்ற முறையில் தப்பில்லை.

13 மார்ச், வியாழன்

இன்று அறுபத்து நான்கு தடவை செத்தேன். எல்லாம் முதல் திரையிலேயே. மொத்தம் முப்பத்தெட்டுத் திரை இருக்கிறது. கட்டை விரல் வீங்கிவிட்டது. ஜாய்ஸ்டிக்கை நான் ரிமோட் என்று சொன்னதற்குக் கலாமணி இருந்திருந்தால் ஒரு வாரம் ஓட்டியிருப்பாள்.

15 மார்ச், சனி

ஈரோடு போனேன். பஸ் ஸ்டாண்டு அருகே சாதிக் என்பவர் பழைய கேம் கார்டுகளை வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். லெவலை ஒரு கார்டுக்குள் ஏற்றித் தர முடியுமா என்று கேட்கத்தான் போனேன். நோன்பு மாதம், தான் குடிக்காமல் எனக்கு மட்டும் டீ சொன்னார்.

"முடியாதுங்க சார். கணக்குக்குள்ள இருக்கறது கணக்கோட போயிரும். கார்டுல ஆடியிருந்தாங்கன்னா அந்த லெவலும் மிஷின்லயே தங்கியிருக்கும், எவனும் கேக்க முடியாது." என்னை உற்றுப் பார்த்தார். "சார் கோபிதானே? ரெண்டு வருசம் முன்னாடி அட்டைப்பெட்டியோட வந்தீங்க. நாப்பது கார்டு இருக்கும்."

ஆமாம் என்றேன்.

"அடுத்த வாரமே மேடம் வந்தாங்க. பிப்போ ஒண்ணை மட்டும் திருப்பித் தர முடியுமான்னாங்க. அதுக்குள்ள அது வித்துப்போச்சு. பரவால்லீங்கன்னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் அந்த அலமாரியவே பாத்துட்டு நின்னாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. கவுந்தப்பாடியில் கூட்டம் ஏறியது.

16 மார்ச், ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

18 மார்ச், செவ்வாய்

அந்தப் பெட்டி விஷயத்தை ஒழுங்காகப் பதிவு செய்துவிடுகிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஹாலில் அத்தனை டப்பா எதற்கு, எல்லாம்தான் டவுன்லோடில் கிடைக்கிறதே என்று சொன்னேன். அவள் சரி என்றாள். கட்டாயப்படுத்தவில்லை. பெட்டியில் அடுக்கியது அவள், தூக்கிக்கொண்டு போனது நான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

அவள் திருப்பிக் கேட்கப் போனது எனக்குத் தெரியாது. பரவாயில்லை என்று கடைக்காரரிடம் சொன்னவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

20 மார்ச், வியாழன்

பரணில் கிருத்திகாவின் சின்ன வயது டிவி கேம் கிடைத்தது, இருபது வருடப் பழசு. அதில் ஒரு கேசட், முதல் பிப்போ. கேசட்டை உருவி, அடியில் ஊதி, மறுபடி மாட்டினேன். ஓடியது. யார் நீ என்று கேட்கவில்லை.

அதில்தான் இப்போது பழகுகிறேன். பொத்தானை அமுக்கியே பிடித்தால் உயரத் தாவும், தொட்டு எடுத்தால் குட்டையாகத் தாவும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல்தான் ஒரு வாரம் செத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஏப்ரல் நான்குக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. அலுவலகத்தில் நிதியாண்டு முடிவு, கூட்டம் நெரிகிறது. "நாச்சிமுத்து, உங்க கையில என்ன கட்டு?" என்று சார்பதிவாளர் என்னைக் கேட்டார். கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றேன்.

22 மார்ச், சனி

பன்னிரண்டாம் திரை வரை போய்விட்டேன். அங்கே மேஜை போல நாலு கல், அதன் பின்னால் ஓர் எதிரி. நகர்வதில்லை, கடிப்பதில்லை, உட்கார்ந்தே இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டி மேலே தாவ வழியில்லை. குனிந்து அடியில் போனால்தான் விடுகிறது. அரை மணி நேரம் அதனிடம் செத்த பிறகுதான் அது யார் என்று எனக்குப் புரிந்தது.

கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

23 மார்ச், ஞாயிறு

இந்த வேகத்தில் கொடியைப் பிடிக்க மாட்டேன். இரண்டாவது ஏற்பாடும் வேண்டும். கட்டும் பக்கத்தைத் திறந்து, எல்லாத் திரைகளையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். கடைசி ஏழும் நீலமாக, தண்ணீர் போல இருந்தன. பிறகு முதல் திரையிலிருந்து கிராஃப் தாளில் படியெடுக்கத் தொடங்கினேன். சொத்து விவரம் எழுதுவது போலத்தான். வடக்கே மூன்று கல், கிழக்கே முள், தெற்கே பள்ளம், மேற்கே ஏணி. சில கல்லுக்குள் ஸ்பிரிங் ஒளித்து வைத்திருக்கிறாள், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு திரைக்கு ஒரு மணி நேரம். எழுத எழுதத் தெரிகிறது, எங்கும் ஒரு கல் கூட வீணாக வைக்கவில்லை.

கிருத்திகாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள். அவள் குரலில் இரண்டு வாரமாக இருந்த விறைப்பு கொஞ்சம் குறைந்தது போல இருந்தது.

26 மார்ச், புதன்

பத்தொன்பது திரை எழுதியாயிற்று. அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு.

28 மார்ச், வெள்ளி

சாயங்காலம் கிருத்திகா வந்தாள். பையைக் கூட இறக்கவில்லை, ஜாய்ஸ்டிக்கை எடுத்துவிட்டாள். எனக்கு இரண்டு வாரம் ஆன இடத்தை அவள் பத்து நிமிஷத்தில் தாண்டினாள். மேஜை எதிரியைப் பார்த்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். இருபத்தொன்பதாம் திரையில் விழுந்தாள், திரும்பத் திரும்ப அங்கேயே விழுந்தாள்.

பிறகு என் கிராஃப் தாள்களைப் புரட்டினாள்.

"போட்டோ எடுக்கலையாப்பா?"

"எதுக்கு? எழுதிட்டுத்தான இருக்கறேன். முப்பது முடிஞ்சுது."

"இப்பவே எடுத்துரலாம். போன்ல பத்து நிமிசம்."

"நாலாம் தேதி வரைக்கும் டைம் இருக்குது கண்ணு. மூஞ்சியக் கழுவிட்டுச் சாப்பிடு. காலைல நிதானமா எடுத்துக்கலாம்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். களைத்துப் போயிருந்தாள். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.

29 மார்ச், சனி

காலை ஆறு மணிக்கே உட்கார்ந்து முப்பத்தொன்றாம் திரையை எழுதி முடித்தேன். ஏழே காலுக்கு முப்பத்திரண்டைத் திறந்தேன். திரை ஒரு முறை கறுத்தது. மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து ஃபேனைப் பார்த்தேன், சுற்றிக்கொண்டிருந்தது. டிவியில் ஒரே ஒரு வரி. "இந்தக் கணக்கு இப்போது இல்லை."

கிருத்திகா பல் விளக்கிக்கொண்டே வந்து நின்றாள். படித்தாள். மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள்.

இருபத்து நான்காம் நாள். முப்பது நாளுக்குள் என்றால் எங்கள் அலுவலகத்தில் முப்பதாம் நாள் சாயங்காலம் ஐந்தே முக்கால் மணி. என் சர்வீஸில் ஒரு மனு கூட இருபத்து நான்காம் நாள் முடிந்து நான் பார்த்ததில்லை. அதை நம்பி மகளைத் தோசை சாப்பிட வைத்தேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டியை நான்தான் ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன் என்று அவளிடம் சொன்னேன்.

"தெரியும்ப்பா. அம்மா சொன்னாங்க."

"என்னன்னு சொன்னா?"

"அப்பாவுக்கு வீடு பளிச்சுன்னு இருக்கோணும், இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னாங்க."

நான் அழுதேன். ஜனவரி பத்தொன்பதாம் தேதி அழவில்லை, பதினாறாம் நாள் காரியத்திலும் அழவில்லை. அப்போதெல்லாம் எந்தச் சான்றிதழ் எந்த ஆபீஸில் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் பெயரை எங்கெல்லாம் எடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு ஓடிக்கொண்டிருந்தால் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. அதுதான் உண்மை. இன்று உட்கார்ந்துவிட்டேன்.

30 மார்ச், ஞாயிறு

கிருத்திகா உப்புமா செய்தாள். அவளுக்கும் உப்பு தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

2 ஏப்ரல், புதன்

கிருத்திகா பெங்களூருக்குப் போகவில்லை, இங்கிருந்தே வேலை பார்க்கிறாள். நேற்று ஈரோடு போய் சாதிக்கிடம் பிப்போ கார்டு ஒன்று வாங்கினோம். ரம்ஜான் முடிந்து அன்றுதான் கடை திறந்திருந்தார். விஷயத்தைக் கேட்டவர், டப்பாவைத் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

நான் கிராஃப் தாளைப் பார்த்து வாசிக்கிறேன், அவள் கல் வைக்கிறாள். "தெற்கே முள் ரெண்டு, இடைவெளி ஒண்ணு, மறுபடி முள்." எங்கள் அலுவலகத்தில் இருவர் உட்கார்ந்து பத்திரம் ஒப்பிடுவது இப்படித்தான். ஒரு முள்ளை இடம் மாற்றி வைத்துவிட்டாள் என்று சண்டை. கடைசியில் நான் வாசித்ததுதான் தப்பு.

5 ஏப்ரல், சனி

முப்பத்தொரு திரையும் கட்டியாயிற்று. அதற்கு மேல் வெள்ளையாக இருக்கிறது.

"கடைசி ஏழும் தண்ணிதானுங்களே? நாமளே கட்டிக்கலாம்ப்பா. அம்மா எப்படி வெப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது கண்ணு."

"தோராயமா வெச்சாப் போதுமில்ல."

"தெரியாத எல்லைய எழுதக் கூடாது. எழுதுனா அப்புறம் எது அவ வெச்சது, எது நாம வெச்சதுன்னு ஒரு நாளைக்கு நமக்கே மறந்து போயிரும்."

அவள் கோபமாக எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, முப்பத்தொன்றாம் திரையின் கடைசிக் கல்லில் கொடியை நட்டாள். தண்ணீர் ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு கல் முன்னால்.

6 ஏப்ரல், ஞாயிறு

கட்டியவர் ஆடிக் காட்ட வேண்டும். காலை முழுவதும் மாறி மாறி ஆடினோம். கிருத்திகா இருபத்தொன்பதிலேயே விழுந்தாள். அவள் அவசரக்காரி, அங்கே நகர்கிற பலகை வருவதற்குள் தாவிவிடுகிறாள். நான் அங்கே நின்றேன். பலகை வந்து, போய், மறுபடி வந்தது. அப்புறம் ஏறினேன். முப்பதில் ஸ்பிரிங் எந்தக் கல்லுக்குள் என்று எனக்கு மனப்பாடம். மதியம் ஒன்று இருபதுக்குக் கொடியைப் பிடித்தேன். கிருத்திகா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஆடுவதற்குக் கார்டு போதும். வெளியிட ஒரு புதுக் கணக்கு வேண்டுமாம். பெயர், பிறந்த தேதி, அதன் கீழே சிறியதாக ஒரு சதுரம். "மேற்கண்ட விவரங்கள் உண்மை என்றும் என்னுடையவை என்றும் உறுதியளிக்கிறேன்." பெயர் இருக்கும் இடத்தில் கிருத்திகா என் பெயரை அடிக்க ஆரம்பித்தாள். நா, ச் வரைக்கும் வந்துவிட்டது.

ஆள்மாறாட்டம் செய்ய வந்தவர்களை என் சர்வீஸில் இரண்டு தடவை பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒருவன் செத்துப்போன அண்ணன் பெயரில் கைநாட்டு வைக்க வந்தவன். காலில் விழுந்து அழுதான். நான் போலீஸுக்குப் போன் செய்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

ஜாய்ஸ்டிக்கை மகளிடமிருந்து வாங்கினேன். அடித்ததை அழித்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, கலாமணி என்று அடித்தேன். பிறந்த தேதி 12 ஜூன் 1970.

"அப்பா, இது தப்பில்லீங்களா?"

"தப்புத்தான் கண்ணு."

"தெரிஞ்சா மறுபடியும் மூடிருவாங்க."

"யாரு போய்ச் சொல்லப் போறாங்க?" என்று கேட்டுவிட்டுச் சதுரத்தில் டிக் போட்டேன்.